'க்கு' விழுந்த பத்திரம்

கும்பினி ஆட்சி போயி மகாராணி தலை போட்ட ரூவா புழங்க ஆரம்பிச்ச காலம்னு சொல்லுவாங்க. தேரிங்கிற செம்மணல் மேடு முடியுற இடத்துல தேரியடிப் பேட்டைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல ஆவுடையப்பன்னு ஒரு கருப்பட்டி யாவாரி. நல்ல மனுஷன். சத்தமாப் பேச மாட்டாரு. எடை போடும்போதுகூட தராசு முள்ளைப் பாத்துத்தான் பேசுவாரு, வந்த ஆளு மூஞ்சியைப் பாக்க மாட்டாரு. அப்படி ஒரு கூச்சம். அந்த மனுஷனை ஊரு இன்னமும் பேசுதுன்னா அதுக்குக் காரணம் ரெண்டே எழுத்து. ஒரு 'க்', ஒரு 'கு'.

கேட்டுக்கோங்க. ஊருணியை ஒட்டி மேற்குப் பக்கமா அவருக்கு ஒரு நிலம். நிலத்துல வீடு, வீட்டுக்குப் பின்னால கருப்பட்டி அடுக்குற கிட்டங்கி, ரெண்டு புளியமரம், மிச்சம் வெறும் இடம். நிலத்தோட அந்தக் கடைசியில, மேற்குப் பாதை ஓரமா, ஒரு சுமைதாங்கி. வடக்க கொம்பையா தோட்டம். தெற்கயும் கொம்பையா தோட்டந்தான்.

சுமைதாங்கின்னா ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பாங்க. தலைச்சுமையோட தனியா வாரவங்க அதுல இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டு, யார் கையும் இல்லாமத் திரும்ப ஏத்திக்கிடலாம். வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொம்பளைக்கு நடுற கல்லு அது. அவ இறக்காமப் போன சுமையை ஊரு இறக்கி வைக்கட்டும்னு நடுறது. மேற்க நின்ன கல்லு ஆவுடையப்பனோட அக்கா உலகம்மாளுக்கு நட்டது. கல்லை நட்ட அவங்க அப்பாவுக்கு மகளை விட்டுத் தள்ளி இருக்க மனசு வரல. அதனால கல்லை ஒட்டிக் கிடந்த நிலத்தை வாங்கி, அதுலயே வீட்டைக் கட்டினாரு. ஆவுடையப்பனுக்கு அது நிலம் மட்டுமில்ல, பாத்துக்கோங்க.

அப்பா வாங்கின காலத்துல ஓலையில எழுதினது. "ஊருணிக்கு மேற்கு, சுமைதாங்கிக்குக் கிழக்கு, கொம்பையா வகையறா தோட்டத்துக்குத் தெற்கு, அதே வகையறா தோட்டத்துக்கு வடக்கு, இந்த நாலெல்லைக்குள்ள பட்ட நிலம்." எழுத்தாணியில அழுத்தி எழுதின ஓலை. மஞ்சத்துணியில சுத்தி, மூங்கில் குழாயில போட்டு, ஜாதகங்களோடயும் கலியாண ஓலையோடயும் சேத்து வச்சிருந்தாரு.

சர்க்கார்ல ஒரு உத்தரவு வந்துது. ஓலை இனிமே செல்லாது, எல்லாரும் தாலுகாக் கச்சேரிக்குக் கொண்டாந்து முத்திரைக் காயிதத்துல மாத்தி எழுதிக்கிடணும்னு. ஊரே வரிசையில நின்னுது. ஆவுடையப்பனும் நின்னாரு. எழுதுறதுக்கு சேஷகிரி ராயசம்னு வடக்கேருந்து வந்த ஒருத்தர். கெட்டவரில்ல. ஆனா அவரு ஊரு வழக்கம் வேற. அவங்க ஊருல 'மேற்கு இன்னது, கிழக்கு இன்னது'ன்னு, நாலு பக்கமும் என்ன இருக்குன்னு எழுதுவாங்க. நம்ம ஊருல 'இன்னதுக்கு மேற்கு, இன்னதுக்குக் கிழக்கு'ன்னு, நிலம் எங்க இருக்குன்னு எழுதுவாங்க. மனுஷன் ஓலையைப் பாத்தாரு, அவருக்குப் பழகின மாதிரி எழுதினாரு. "மேற்கு ஊருணி, கிழக்கு சுமைதாங்கி." ஊருணிக்குப் பின்னால இருந்த 'க்கு' விழுந்துபோச்சு. சுமைதாங்கிக்குப் பின்னால இருந்ததும் விழுந்துபோச்சு.

எழுதினதைச் சத்தமாப் படிச்சுக் காட்டினாரு. ஆவுடையப்பன் காதுல ஊருணின்னு விழுந்துது, மேற்குன்னு விழுந்துது, சுமைதாங்கின்னு விழுந்துது, கிழக்குன்னு விழுந்துது. எல்லாம் இருக்குன்னு தலையாட்டிட்டாரு. கையெழுத்தும் போட்டுட்டாரு. ராயசம் பழைய ஓலையை எடுத்து, எழுத்தாணியால குறுக்க ஒரு கீறு கீறி, இனி இது செல்லாதுன்னு கையில கொடுத்தாரு. அதையும் அவரு பழையபடி மஞ்சத்துணியில சுத்திக் குழாயிலயே போட்டுக்கிட்டாரு.

கொஞ்ச வருஷம் ஒண்ணும் தெரியல. கிஸ்தி கட்டினாரு, ரசீது வாங்கினாரு, குழாயில போட்டாரு. ஒரு தை மாசம் சங்கிலி புடிச்சு அளக்குற ஆளுங்க வந்தாங்க. துரைமாரு வந்தா தங்குறதுக்குப் பங்களா கட்டணும், ஊருணிப் பக்கம் புறம்போக்கு இருக்கான்னு பாக்க வந்தோம்னாங்க. நேரா வந்து ஆவுடையப்பன் வீட்டு முத்தத்துல சிவப்புக் கொடியை நட்டாங்க.

அவரு பதறிப்போயி பத்திரத்தைக் கொண்டாந்து காட்டினாரு. அவங்க படிச்சாங்க. படிச்சுட்டு ஊருணியைப் பாத்தாங்க, அது கிழக்க இருந்துது. சுமைதாங்கியைப் பாத்தாங்க, அது மேற்க இருந்துது. இந்தப் பத்திரத்துல சொன்ன நிலம் இது இல்லையேன்னாங்க. இந்த நிலத்துக்குப் பத்திரமே இல்ல, பத்திரம் இல்லாத நிலம் புறம்போக்குன்னாங்க.

அன்னைக்கு ஆரம்பிச்சுது அவரு நடை.

முதல்ல ராயசத்தைத் தேடிப் போனாரு. அவரு மாத்தலாகிப் போயி வருஷமாச்சுன்னுட்டாங்க. எந்த ஊருக்குன்னு கேட்டாரு. அது தெரியாதுன்னுட்டாங்க. அப்புறம் தாசில்தார் கச்சேரிக்குப் போனாரு. குழாயைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, வெயில்ல, கச்சேரிப் படியில உக்காந்திருந்தாரு. கூப்பிட்டாங்க. உள்ள போயி, எப்பவும் போல தரையைப் பாத்துக்கிட்டே விஷயத்தைச் சொன்னாரு. தாசில்தார் காயிதத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. முத்திரை இருக்கு, சர்க்கார் ஒப்பு இருக்கு, உம்ம கையெழுத்தும் இருக்குன்னாரு.

"காயிதம் சரியாத்தான் இருக்கு. நிலந்தான் தப்பா இருக்கு."

"வருஷா வருஷம் கிஸ்தி கட்டுறேனே எசமான். ரசீது வச்சிருக்கேன்."

"அது பத்திரத்துல இருக்குற நிலத்துக்குக் கட்டுறீரு. நீரு குடியிருக்குற நிலத்துக்கு இல்ல."

"அப்ப பத்திரத்துல இருக்குற நிலம் எங்கன இருக்கு?"

"எங்கிட்ட கேட்டா? உம்ம நிலம், நீருதான் தேடணும்."

வீட்டுக்கு வந்து அவரு சாப்பிடல. கொம்பையா வந்து உக்காந்தாரு. அவருக்கு வாய் சும்மா இருக்காது. உமக்கு வடக்கயும் நானு, தெற்கயும் நானு, எந்த 'க்கு' விழுந்தாலும் என் தோட்டம் அசையாது வே, நீரு கிழக்க ஒண்ணும் மேற்க ஒண்ணும் வச்சு மாட்டிக்கிட்டீருன்னு சிரிச்சாரு. ஆவுடையப்பன் மோரைக் குடிச்சுட்டு உள்ள போயிட்டாரு.

அடுத்தாப்புல ஜில்லா துரை கூடாரம் போட்டிருக்காருன்னு கேள்விப்பட்டு வண்டி கட்டிப் போனாரு. துரை வேட்டைக்குப் போயிட்டாரு. மனுவா எழுதிக் கொடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. வெளிய மரத்தடியில மனு எழுதுறவர் ஒருத்தர். அவருகிட்ட ஆவுடையப்பன் 'க்கு' விழுந்த கதையைப் பொறுமையா, ஒண்ணுக்கு ரெண்டு தரம் சொன்னாரு. அவரும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டாரு. கடைசியில எல்லை எழுதுற இடம் வந்ததும், தப்பு வந்துறக் கூடாதேன்னு பத்திரத்தைப் பக்கத்துல வச்சு அப்படியே பாத்து எழுதிட்டாரு. பதில் வந்துது. மனுவுல சொன்ன எல்லையும் பத்திரத்துல உள்ள எல்லையும் ஒண்ணா இருக்கு, திருத்த வேண்டியது ஒண்ணுமில்ல, காயிதம் சரியாத்தான் இருக்குன்னு.

இந்த மனுஷனுக்குக் கோவம் வந்து யாரும் பாத்ததில்ல. அன்னைக்குப் பாத்தாங்க. கிட்டங்கியில புகுந்து ஒரு ஓலைப்பெட்டிக் கருப்பட்டியைத் தூக்கிச் சுவத்துல எறிஞ்சாராம். எறிஞ்சுட்டு, அவரே உக்காந்து பொறுக்கினாராம்.

அப்புறம் யாரையும் நம்பாம அவரே ஒரு மனு எழுதினாரு. ஒவ்வொரு 'க்கு'வையும் பனங்கொட்டை பெருசுக்கு எழுதி, அடியில கோடு போட்டு, ஜில்லாவுக்குத் தபால்ல விட்டாரு. ஆனி போச்சு, ஆடி போச்சு. பதிலே இல்ல. ஊருப் பிள்ளைங்க அவரைப் பாத்தா 'க்கு, க்கு'ன்னு குயில் மாதிரி கூவ ஆரம்பிச்சாச்சு.

திரும்ப தாசில்தார்கிட்டயே போனாரு. போயிப் போயி அவரு முகத்தைப் பாத்தாலே அந்த ஆளுக்கு அலுத்துப்போச்சு. தாசில்தார் சொன்னாரு, "ஓய், நான் ஒரு வழி சொல்லுதேன். பொங்கல் கழிச்சு அங்க வருவேன். உம்ம நிலத்துக்கு மேற்க எனக்கு ஒரு ஊருணியைக் காட்டும். கிழக்க ஒரு சுமைதாங்கியைக் காட்டும். அங்கனயே முத்திரை வச்சுட்டுப் போறேன்."

கச்சேரியே சிரிச்சுது. சேவகன்கூட வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். ஆவுடையப்பன் சிரிக்கல. சரிங்க எசமான்னு சொல்லிட்டு வெளிய வந்தாரு.

மறுநாள் காலையில நிலத்தோட மேற்குக் கடைசியில போயி நின்னு மம்பட்டியைப் போட்டாரு.

நிலத்தைக் காப்பாத்த நிலத்தையே தோண்டினவரு அவரு ஒருத்தருதான்னு சொல்லுவாங்க. தேரி மண்ணு லேசுப்பட்டதா? தோண்டத் தோண்டச் சரியும். காத்து அடிச்சா, தோண்டின குழியில காலையில பாதி மண்ணு திரும்ப வந்து கிடக்கும். ஆளு வச்சாரு. ஆளுங்க மண்ணைப் பாத்துட்டு நாளைக்கு வாரோம்னு போனவங்க வரல. பனந்தடியை வெட்டி ஓரத்துக்கு அண்டக் கொடுத்தாரு. தடியோட சேந்து சரிஞ்சுது. அவரு திரும்ப அள்ளினாரு. கருப்பட்டி யாவாரத்தை வடிவு பாத்துக்கிட்டா. வடிவுன்னா சிதம்பரவடிவு, அவரு வீட்டுக்காரி. அவளும் எடை போட்டு முடிச்சுட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு மண்ணு சுமக்க வந்துருவா. சிரிச்சுக்கிட்டு இருந்த கொம்பையா ஒருநாள் தோட்டத்துலேருந்து மாட்டை ஓட்டிக்கிட்டு, கமலையில தண்ணி இறைக்கிற சால்வாளியையும் தூக்கிக்கிட்டு வந்தாரு. உம்ம பைத்தியம் முடிஞ்சாத்தான் நான் தூங்க முடியும் வேன்னு சொல்லிட்டு, அந்த வாளியைக் குழிக்குள்ள விட்டு மண்ணை இழுத்தாரு.

ஐப்பசியில மழை புடிச்சுது. குழி குளமாச்சு. மேற்க ஊருணி வந்தாச்சு.

இனி கிழக்க ஒரு சுமைதாங்கி. மூணு கல்லு. ஒரு நாள் வேலைன்னு நினைச்சாரு. கல்லு கொண்டாந்து இறக்கின அன்னைக்கு வடிவு வாசல்ல வந்து நின்னா. அவுங்க மக ஆண்டிச்சி தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டுல இருந்தா.

"கல்லை நடக் கூடாது," அப்படின்னா வடிவு.

"ஏளா, தாசில்தார் வாராரு. அது ஒண்ணுதான் பாக்கி."

"சுமைதாங்கி சும்மா நடுற கல்லா? வயித்துப் பிள்ளையோட போனவளுக்கு நடுறது. இப்ப யாரு போயிருக்கா? ஆளில்லாம நட்டா, கல்லு ஒரு ஆளைக் கேக்கும். வீட்டுக்குள்ள ஒருத்தி மாசமா இருக்கா. தெருவுல இன்னும் ரெண்டு பேரு இருக்காளுக."

அவரு மதினியோட கல்லைப் பேத்தெடுத்து இங்க நட்டுறலாமான்னு மெதுவாக் கேட்டாரு. மதினின்னா வடிவுக்கு மதினி, அவருக்கு அக்கா. வடிவு ஒரு பார்வை பாத்தா. அவரு அந்தப் பேச்சை அதோட விட்டாரு. தெருப் பொம்பளைங்களும் வந்து சேந்துட்டாங்க. நட்டா ராத்திரியோட புடுங்கிப் போட்டுருவோம்னு சொன்னாங்க.

ஆவுடையப்பன் இறக்கின கல்லு மேலயே உக்காந்துட்டாரு. மேற்க அவ்வளவு தண்ணி, கிழக்க மூணு கல்லு நட வழியில்ல. பொங்கலோ கிட்ட வந்தாச்சு. கக்கத்துல இருந்த குழாயைக் கீழ போட்டாரு. மூடி கழண்டு ஜாதகம், ரசீது, கலியாண ஓலை, எல்லாம் மண்ணுல சிதறிச்சு. வடிவுதான் குனிஞ்சு பொறுக்கினா. பொறுக்கும்போது அந்தப் பழைய ஓலை கையில வந்துது. குறுக்கக் கீறின ஓலை. அதைக் கொஞ்ச நேரம் வச்சுப் பாத்துக்கிட்டே நின்னாளாம்.

"இது செத்துப்போச்சுல்லா?"

"எது?"

"இந்த ஓலை. குறுக்கக் கீறிக் கொன்னுட்டாங்கல்லா. உள்ள நிலத்தை வச்சுக்கிட்டே செத்துருக்கு. வயித்துச் சுமையை இறக்காமப் போனதுக்குத்தானே கல்லு? இதுக்குக் கல்லை நடுங்க."

தெருப் பொம்பளைங்க ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்தாங்க. அது சரிதாங்கிற மாதிரி இருந்துது. கணக்கும் சரியா வந்துது. செத்தது இருக்கு, வயித்துல சுமையும் இருக்கு, கல்லு இனி யாரையும் கேக்காது.

அப்புறம் முறையா செஞ்சாங்க. ஓலைக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வச்சு, புதுத்துணியில சுத்தி, நாலு வளையலோட ஒரு மண்கலயத்துல போட்டு, குழிக்குள்ள இறக்கி, மேல கல்லை நட்டாங்க. குழியை மூடுறதுக்கு முன்னால பொம்பளைங்க வாய்க்கரிசி போட்டாங்க. ஒப்பாரி வைக்கலாமா வேண்டாமான்னு ஒரு பேச்சு வந்து, அதை மட்டும் விட்டுட்டாங்க. எல்லாரும் போன பிறகு ஆவுடையப்பன் அந்தக் கல்லுல தலையைச் சாச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தாராம். கச்சேரிப் படியில ஒருநாளும் அழாத மனுஷன்.

பொங்கல் கழிச்சு தாசில்தார் குதிரையில வந்தாரு. சொன்னதை அவரு மறந்தே போயிருந்தாரு. ஆவுடையப்பன் மறக்கல. மேற்க கூட்டிட்டுப் போயி ஊருணியைக் காட்டினாரு. கிழக்க கூட்டிட்டு வந்து சுமைதாங்கியைக் காட்டினாரு. தாசில்தார் பத்திரத்தைப் பாக்குறாரு, தண்ணியைப் பாக்குறாரு, திரும்பப் பத்திரத்தைப் பாக்குறாரு.

"இது புதுசால்லா வெட்டியிருக்கு?"

ஆவுடையப்பன் அன்னைக்குத்தான் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு அதிகாரி கண்ணை நேரா பாத்தாராம்.

"பத்திரத்துல பழசுன்னு போட்டிருக்கா எசமான்?"

போடலையே. தாசில்தார் குதிரை மேலயே காயிதத்தை வச்சு, முத்திரை குத்திட்டுப் போயிட்டாரு. சிவப்புக் கொடியைச் சேவகன் புடுங்கிக்கிட்டுப் போனான்.

கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா சர்க்கார்னா சும்மாவா? மாசி மாசம் தபால் வந்துது. ஜில்லாவுலேருந்து. பனங்கொட்டை எழுத்துல அவரு போட்ட மனுவுக்குப் பதில். எழுதினவர் கைப்பிழையால எல்லை மாறிப்போனது தெரியுது, மனுதாரர் சொல்றது நியாயம், 'ஊருணிக்கு மேற்கு, சுமைதாங்கிக்குக் கிழக்கு'ன்னு திருத்திப் புதுப் பத்திரம் இத்தோட அனுப்பியிருக்குன்னு. எல்லா 'க்கு'வும் இருந்துது. ஒண்ணுகூட விழல.

ஆவுடையப்பன் அதை ஒருதரம் படிச்சாரு. மடிச்சாரு. போயி அந்தப் புது ஊருணிக் கரையில உக்காந்து, காலைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு, பொழுது சாயுற வரைக்கும் இருந்தாரு. கொம்பையா பக்கத்துல வந்து உக்காந்தாரு. அவருக்கும் அன்னைக்குக் கேலி வரல.

அதோடயும் விடல. பின்னால அளக்க வந்தவங்களுக்கு ஒரு சந்தேகம். பழைய பத்திரப்படி பாத்தா இந்த ஊருணி நிலத்துக்கு வெளிய. புதுப் பத்திரப்படி பாத்தா நிலத்துக்கு உள்ள. இது யாருக்குச் சொந்தம், ஒரு மனு எழுதிக் கொடுத்தா உம்ம பேருலயே போட்டுரலாம்னாங்க. ஆவுடையப்பன் அவங்களுக்கு மோர் கொடுத்தாரு. இனிமே அந்தக் கச்சேரிப் படி ஏற மாட்டேன், எவனாவது குடிச்சுட்டுப் போகட்டும்னு சொன்னாரு. அவங்க ஊர்ப் பொதுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. நிலத்துல மூணுல ஒரு பங்கு அப்படிப் போச்சு. சாகுற வரைக்கும் அவரு அந்தப் படி ஏறல.

கிழக்க இருக்குற பழைய ஊருணி சித்திரையில பாளம் பாளமா வெடிச்சுரும். மேற்க இருக்குறதுல தேரி மண்ணு ஊத்து. கோடையிலயும் தண்ணி கிடக்கும், குடிச்சா இனிக்கும். தேரியடிப் பேட்டைக்காரங்க இன்னைக்கும் அதைக் காயித ஊருணின்னுதான் சொல்லுவாங்க. கிழக்க நிக்கிற கல்லுக்கு ஓலைக்கல்லுன்னு பேரு. கச்சேரிக்கு எந்தக் காயிதத்தைக் கொண்டு போனாலும், அது பட்டாவா இருந்தாலும் சரி, ரேஷன் கார்டா இருந்தாலும் சரி, அந்தக் கல்லுல ஒரு நிமிஷம் வச்சு எடுத்துட்டுத்தான் போவாங்க. காயிதத்துலயும் சுமை இருக்கத்தானே செய்யுது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த ஊருக்காரங்க நிலம் வாங்கி விக்கும்போது, ரிஜிஸ்தர் ஆபீசுல எல்லை வாசிப்பாங்கல்லா? வாங்குறவன், விக்கிறவன், சாட்சி, கூட வந்த ஆளு அம்புட்டுப் பேரும் எழுந்திரிச்சு நிப்பாங்க. வாசிக்கிறவர் "கொம்பையா வகையறா தோட்டத்து" அப்படின்னு இழுத்து நிறுத்துவாரு. அத்தனை பேரும் சேந்து சத்தமா "க்கு" அப்படிம்பாங்க. அதுக்கப்புறந்தான் அவரு "வடக்கு"ன்னு சொல்லலாம். புதுசா மாத்தலாகி வார ரிஜிஸ்திராருங்க முதல் நாள் மிரண்டு போயி, என்ன இதுன்னு கேப்பாங்க. ஒண்ணுமில்ல சார், நீங்க மேல வாசிங்கன்னு சொல்லிட்டு, அடுத்த 'க்கு'வுக்குக் காத்து நிப்பாங்க.